வாகன விளக்குகள்: இருவேறு விதிகள், ஒரே சாலை

(பேத்தமங்களாவில் மாணவர்கள், அரசு அலுவலர்கள் முன்னிலையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் தந்த ஊர் என்று பேத்தமங்களாவைப் பலரும் அறிவர். பாலாற்றின் நீரைத் தேக்கும் ஏரியும், அங்கிருந்து சுரங்க நகருக்கு நீரை ஏற்றி அனுப்பிய நிலையமும் இவ்வூரின் அடையாளங்கள். அண்மைக் காலத்தில் இவ்வூருக்கு இன்னோர் அடையாளமும் சேர்ந்திருக்கிறது. பெங்களூரு–சென்னை விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி ஹொஸ்கோட்டை, மாலூர், பங்காருப்பேட்டை வழியாக வந்து பேத்தமங்களாவைத் தொடுகிறது. சுமார் 71 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பகுதி 2024ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது.

இதனால் இவ்வூரில் இருவகைச் சாலைகள் அருகருகே அமைந்துள்ளன. ஒன்று, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கென வடிவமைக்கப்பட்டு, நடுவே தடுப்பு வைத்த அகன்ற சாலை. மற்றொன்று, மாட்டு வண்டியும் டிராக்டரும் மிதிவண்டியும் பேருந்தும் எதிரெதிரே வந்து ஒதுங்கிச் செல்லும் பழைய சாலை. பகலில் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை வேகத்தைப் பற்றியது. இரவிலோ அது ஒளியைப் பற்றியதாகிவிடுகிறது. ஒரு வாகனத்தின் முகப்பு விளக்கு எவ்வளவு தூரம், எந்தத் திசையில், எவர் கண்ணில் பட எரியலாம் என்பதைத் தீர்மானிப்பது யார்? ஓட்டுநரா, வாகனத்தைச் செய்தவரா, அரசா? இந்தக் கேள்விக்கு அமெரிக்கா ஒரு விடையும் ஐரோப்பா வேறொரு விடையும் கண்டன. இந்தியா இவற்றுள் எதை ஏற்றது, ஏற்றதில் எவ்வளவு நிறைவேறியது என்பதே இவ்வுரையின் பொருள்.

தங்கவயலும் தரநிர்ணயமும்

ஒளியைப் பற்றிப் பேசுவதற்குத் தங்கவயல் பொருத்தமான இடம். 1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் தொலைவு கடந்து இங்குள்ள சுரங்கங்களை வந்தடைந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அதுவும் ஒன்று. அங்கு நீரால் சுழன்ற உருளைகள் சுவிட்சர்லாந்தின் எஷர் வீஸ் நிறுவனத்தவை. மின்னாக்கிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தவை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து தந்த அம்மின்சாரம் விநாடிக்கு 25 சுழல் கொண்டது. பிற்காலத்தில் நாடு முழுவதற்கும் 50 சுழலே தரம் என்றானபோது, பழைய ஏற்பாட்டைப் புதியதுடன் இணைக்கத் தனி மாற்றுக் கருவிகள் தேவைப்பட்டன.

இதிலிருந்து பெறவேண்டிய பாடம் எளியது. ஒரு தரம் உருவாகும்போது அது வெறும் எண்ணாகத் தோன்றும். அதைச் சுற்றித் தொழிற்சாலைகளும் கருவிகளும் பழக்கங்களும் வளர்ந்துவிட்ட பின் அதை மாற்றுவது பெருஞ்செலவாகிவிடும். வாகன விளக்குகளின் வரலாறும் இத்தகையதே.

விளக்கின் இரண்டு கடமைகள்

முகப்பு விளக்குக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கடமைகள் உண்டு. ஓட்டுபவருக்குச் சாலை நன்றாகத் தெரியவேண்டும் என்பது முதலாவது. எதிரே வருபவரின் கண் கூசக்கூடாது என்பது இரண்டாவது. எதிரே எவரும் இல்லாதபோது முதற்கடமை மட்டுமே உள்ளது. அதற்கு 'பிரைட்' என்று ஓட்டுநர்கள் சொல்லும் நெடுந்தூர ஒளி போதும். எதிரே வாகனம் வரும்போதுதான் சிக்கல் எழுகிறது. அப்போது பயன்படும் 'டிம்' ஒளியை எப்படி அமைப்பது என்பதிலேயே இரு கண்டங்களும் பிரிந்தன.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரு வாகனங்கள் விநாடிக்கு 33 மீட்டர் வீதம் நெருங்குகின்றன. கடைசி 50 மீட்டரைக் கடக்க அவற்றுக்கு ஒன்றரை விநாடியே ஆகும். கூசிய கண் மீண்டும் இருளுக்குப் பழக அதைவிட அதிக நேரம் பிடிக்கும். முதியவர்களுக்கும் கண்புரை உள்ளவர்களுக்கும் இன்னும் அதிக நேரம் தேவை. ஆகவே ஒருவர் தமக்கெனக் கூட்டிக்கொள்ளும் ஒளி மற்றொருவரின் பார்வையைக் கழித்துக் கிடைப்பதாகிறது. பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் இதை எளிதில் இனங்காண்பர். ஒருவர் பெறும் பயனுக்கு வேறொருவர் விலை கொடுக்கும் இத்தகைய இடங்களில் சந்தை தானாகச் சரியான அளவைக் காண்பதில்லை. பொது விதி தேவைப்படுவது இங்கேதான்.

அமெரிக்கா கண்ட வழி

தொடக்கக் கால விளக்குகளில் ஈரமும் தூசியும் புகுந்து, ஒளியைத் திருப்பும் வெள்ளிப்பூச்சு மங்கிவிடும். இதற்கு மாற்றாக அமெரிக்கா 1940இல் ஒரே அளவுள்ள, முற்றிலும் மூடிய விளக்கைத் தரமாக்கியது. 7 அங்குல விட்டமுள்ள அவ்வட்ட விளக்கில் இழை, ஒளிதிருப்பி, முன்கண்ணாடி ஆகியவை பிரிக்கமுடியாத ஒரே பொருளாக இருந்தன. இழை அறுந்தால் முழு விளக்கையும் மாற்றவேண்டும். ஆயினும் எந்த ஊரின் கடையிலும் எந்த வாகனத்துக்கும் பொருந்தும் விளக்கு கிடைத்தது. பழையது கழற்றிய இடத்தில் புதியது அதே திறனுடன் எரிந்தது. நீண்ட தூரம் பரவிய அந்நாட்டுக்கு இது பெரும் வசதியாக இருந்தது.

1968 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய பாதுகாப்புத் தரம் எண் 108 இந்த ஏற்பாட்டை நாடு முழுவதற்குமான சட்டமாக்கியது. வசதியோடு தேக்கமும் வந்தது. வடிவமும் அளவும் சட்டத்தில் உறைந்துவிட்டதால், புதிய விளக்குகள் அந்நாட்டில் நுழைய நெடுங்காலம் ஆயிற்று. 1967இல் பிரான்சின் சிட்ரோயன் டி.எஸ். கார், வளைவுக்கேற்பத் திரும்பும் விளக்குகளைக் கண்ணாடி மூடிக்குள் வைத்து வெளிவந்தது. அமெரிக்காவுக்குச் சென்ற அதே கார் அவ்விளக்குகளை இழந்தே செல்லவேண்டியிருந்தது. குமிழை மட்டும் தனியே மாற்றத்தக்க விளக்குகளுக்கு அமெரிக்கா 1983இல்தான் இடமளித்தது.

அமெரிக்க 'டிம்' ஒளியில் மேல்நோக்கிச் சிதறும் ஒளிக்குத் தாராளமான இடம் உண்டு. சாலைக்கு மேலே தொங்கும் பெயர்ப்பலகைகள் வாகன ஒளியைத் திருப்பியனுப்பியே படிக்கத்தக்கனவாகின்றன என்பது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. ஓட்டுபவர் கூடுதலாகக் காண்பதற்காக எதிரே வருபவர் சற்றுக் கூச்சத்தைப் பொறுக்கலாம் என்பதே அவ்விதியின் உட்பொருள்.

ஐரோப்பா கண்ட வழி

ஐரோப்பாவின் சிந்தனை வேறு திசையில் சென்றது. 1950களின் நடுப்பகுதியில் அங்கு சமச்சீரற்ற ஒளிக்கற்றை உருவாயிற்று. அதில் ஒளிக்கும் இருளுக்கும் இடையே கத்தியால் வெட்டியதுபோன்ற எல்லைக்கோடு உண்டு. எதிரே வருபவரின் பக்கம் அக்கோடு தாழ்ந்து படுக்கையாகச் செல்லும். சாலையோரப் பக்கம் மட்டும் மேலே சரிந்து ஏறும். இதனால் ஓரத்தில் நடப்பவரும் மிதிவண்டியில் செல்பவரும் தூரத்திலேயே தெரிவர். எதிரே வருபவரின் கண்ணோ நிழலில் இருக்கும். ஹாலஜன் குமிழ்கள் 1962இலும், 'டிம்', 'பிரைட்' இரண்டையும் ஒன்றில் தரும் எச்4 குமிழ் 1971இலும் அங்கு பயனுக்கு வந்தன.

எதிரே வருபவரின் கண் அமையும் திசையில் எவ்வளவு ஒளி செல்லலாம் என்பதற்கு இரு விதிகளும் வரம்பு விதித்துள்ளன. அமெரிக்க வரம்பு ஐரோப்பிய வரம்பைப்போல் இரண்டு, மூன்று மடங்கு உயர்ந்தது. 'பிரைட்' ஒளியில் நிலைமை தலைகீழாகிறது. அமெரிக்கா ஒரு வாகனத்துக்கு மொத்தம் 1,50,000 கேண்டெலா வரை அனுமதிக்க, ஐரோப்பிய விதி 4,30,000 கேண்டெலா வரை அனுமதிக்கிறது. எவரும் இல்லாதபோது முழு ஒளி, எவரேனும் வந்தால் கண்டிப்பான அடக்கம் என்பது ஐரோப்பிய நெறி. இரண்டு நிலைகளிலும் நடுத்தரமான ஒளி என்பது அமெரிக்க நெறி.

மற்ற விளக்குகளில் வேற்றுமை

வேற்றுமை முகப்பு விளக்கோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் வாகனத்தின் பின்புறத் திசைகாட்டி விளக்கு சிவப்பாகவும் இருக்கலாம். தடை விளக்கே விட்டுவிட்டு எரிந்து திரும்பும் திசையைக் காட்டும் வாகனங்கள் அங்கு ஏராளம். ஐரோப்பிய விதியின்படி அது மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறமாகவே இருக்கவேண்டும். மாறாக, வாகனத்தின் பக்கவாட்டில் முன்னே ஆரஞ்சும் பின்னே சிவப்புமாக எரியும் ஓர விளக்குகள் அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயம். ஐரோப்பாவில் 6 மீட்டருக்கு மேற்பட்ட நீளமான வாகனங்களுக்கே அவை கட்டாயம். கார்களுக்கு அதற்கு மாறாகப் பக்கவாட்டில் திசைகாட்டி விளக்கு வேண்டும்.

அடர்ந்த மூடுபனியில் பின்னால் வருபவரை எச்சரிக்கும் செறிவுமிக்க சிவப்பு விளக்கு ஐரோப்பாவில் தேவை; அமெரிக்கச் சட்டம் அதைக் கேட்பதில்லை. வாகனத்தில் ஏறும் பாரத்துக்கேற்ப முகப்பு விளக்கின் சாய்வைத் திருத்தும் ஏற்பாடும் ஐரோப்பாவில் மட்டுமே கட்டாயம். பின்கண்ணாடி உயரத்தில் நடுவே எரியும் மூன்றாவது தடை விளக்கில் அமெரிக்காவே முந்தியது. 1986ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் அங்கு அது கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் 1998இல்தான் அது வந்தது. பகலிலும் எரியும் முன்விளக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2011 முதல் புதிய வகைக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது. அமெரிக்கா அதை அனுமதிக்கிறதே தவிர வற்புறுத்தவில்லை.

விதியை நிறைவேற்றும் முறையிலும் வேற்றுமை உண்டு. ஐரோப்பாவில் விளக்கு விற்பனைக்கு வருமுன் அரசின் ஒப்புதல் பெறவேண்டும். ஒப்புதல் பெற்ற கண்ணாடியில் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஒப்புதலளித்த நாட்டின் எண்ணும் பொறிக்கப்படும். 1 என்பது ஜெர்மனி, 2 பிரான்சு, 11 பிரிட்டன். அமெரிக்காவில் உற்பத்தியாளரே தமது பொருள் விதிக்கு உட்பட்டது என்று உறுதியளிக்கிறார். பின்னர்க் குறை காணப்பட்டால் அவற்றைத் திரும்பப்பெறச் செய்யும் அதிகாரம் அரசுக்கு உண்டு. இவ்விரு முறைகளும் எளிதில் ஒன்றாவதில்லை. எனினும் காலப்போக்கில் நெருக்கம் ஏற்பட்டு வருகிறது. தெளிவான எல்லைக்கோடு கொண்ட ஒளியை அமெரிக்கா 1997இல் அனுமதித்தது. எதிரே வரும் வாகனத்தைக் கண்டறிந்து அந்த இடத்தை மட்டும் இருளாக்கும் தானியங்கி விளக்கு ஐரோப்பாவில் முன்னரே புழங்கியது. அமெரிக்கா அதற்கு 2022 பிப்ரவரியில் இசைவளித்தது.

எல்லை கடக்கும் ஓட்டுநர்

வேலை தேடியும் கல்விக்காகவும் கடல் கடந்து வாழும் தமிழர் இவ்விரு முறைகளிலும் பரவியுள்ளனர். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்போர் வலப்புறம் செல்லும் சாலையில் வட அமெரிக்க விதிப்படி அமைந்த விளக்குகளோடு ஓட்டுகின்றனர். பிரான்சு, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே நாடுகளில் இருப்போர் வலப்புறச் சாலையில் ஐரோப்பிய விளக்கோடு செல்கின்றனர். பிரிட்டன், மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா ஆகியவற்றில் சாலை இடப்புறம். விளக்கின் நெறி ஐரோப்பாவினுடையது.

இடம், வலம் என்ற இந்த வேற்றுமை ஐரோப்பிய விளக்கில் மிக முக்கியமாகிறது. இடப்புறச் சாலைக்கெனச் செய்த விளக்கின் ஒளி இடப்பக்கம் மேலேறும். அதே வாகனம் பிரிட்டனிலிருந்து கால்வாயைக் கடந்து பிரான்சில் இறங்கினால், மேலேறும் அப்பகுதி நேராக எதிரே வருபவரின் கண்ணில் பாயும். ஆகவே அவ்வாறு செல்வோர் விளக்கின் கண்ணாடியில் மறைப்பு ஒட்டியோ, உள்ளிருக்கும் நெம்புகோலைத் திருப்பியோ அதைத் தடுக்கவேண்டும். விளக்கு எந்தச் சாலைக்கு உரியது என்பதைக் கண்ணாடியிலுள்ள அம்புக்குறி காட்டும். இடப்புறச் சாலைக்கு மட்டும் உரிய விளக்கில், அதை எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கம் நோக்கி அம்பு இருக்கும். இருபுறமும் முனையுள்ள அம்பு இரண்டுக்கும் மாற்றத்தக்கது என்று பொருள்படும். அம்பே இல்லையெனில் அது வலப்புறச் சாலைக்கு உரியது.

ஒரு நாடே பக்கம் மாறிய சான்றும் உண்டு. 1967 செப்டம்பர் 3ஆம் நாள் சுவீடன் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாறியது. சாலைக் குறிகளும் பேருந்துக் கதவுகளும் மாறியதுபோலவே, நாட்டிலிருந்த வாகனங்களின் முகப்பு விளக்குகளும் மாறவேண்டியிருந்தது. பிரான்சோ நிறத்தில் தனித்து நின்றது. 1930களின் பிற்பகுதி முதல் 1993 வரை அந்நாட்டு வாகனங்களின் முகப்பு விளக்கு மஞ்சளாகவே எரிந்தது.

இந்தியாவிலிருந்து சென்று வாடகைக் காரில் ஓட்டுபவர் நினைவிற்கொள்ள வேண்டியவை சில உண்டு. அமெரிக்காவில் முன்னால் செல்லும் காரின் பின்னே விட்டுவிட்டு எரியும் சிவப்பு, திரும்புவதற்கான அறிவிப்பாக இருக்கலாம். ஐரோப்பாவில் பின்புற மூடுபனி விளக்கைத் தெளிந்த வானிலையில் எரியவிடுவது பின்னால் வருபவருக்குத் தொல்லை, அது தவறுமாகும். எங்கு சென்றாலும் காரை எடுக்குமுன் 'டிம்' மாற்றும் விசை எங்குள்ளது என்று அறிந்துகொள்ளவேண்டும். இந்தியாவில் விளக்கை மின்னுவது 'நான் வருகிறேன், வழி விடு' என்று கொள்ளப்படுகிறது. வேறு நாட்டில் அதே மின்னல் 'நீங்கள் முதலில் செல்லுங்கள்' என்று கொள்ளப்படக்கூடும். இத்தகைய இடத்தில் தவறான புரிதலின் விலை உயிராகலாம்.

இந்தியா ஏற்ற நெறி

இந்தியச் சாலைகள் இரு மரபுகளையும் கண்டவை. ஜீப் அமெரிக்க வழியில் வந்தது. அம்பாசடர் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்தும், பத்மினி இத்தாலியின் பியட் காரிலிருந்தும் பிறந்தன. மூன்றிலும் இருந்தது அமெரிக்கா தரமாக்கிய அதே 7 அங்குல வட்ட அளவு. ஐரோப்பியக் குமிழுக்கும் அந்த அளவு இடமளித்தது. எதிரே வருபவரின் கண்ணைக் காக்க விளக்கின் மேற்பகுதியில் கறுப்பு வண்ணம் பூசுவதும், நடுவே கறுப்புப் பொட்டு இடுவதும் ஒரு காலத்தில் எங்கும் காணப்பட்ட வழக்கம். ஒளிக்கற்றையைச் செம்மையாக வடிவமைக்காத விளக்குக்கு அது எளிய கைவைத்தியம்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதைத் தெளிவான சொற்களில் வகுத்தன. விதி 106இன்படி, முகப்பு விளக்கின் ஒளி நிலையாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும். விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், அதன் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் வைத்துப் பார்ப்பவருக்குக் கூச்சம் ஏற்படக்கூடாது. இந்த மூன்று அளவுகளும் எதிரே வரும் மனிதரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. இடப்புறம் செல்லும் நாட்டில் அவர் வலப்பக்கமே வருகிறார்.

பின்னர் உருவான வாகனத் தொழில் தரங்கள் ஐரோப்பாவில் பிறந்த ஐக்கிய நாடுகளின் விதிகளைப் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. உலக அளவில் வாகன விதிகளை வகுக்கும் 1998ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா 2006இல் சேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குமதி செய்வதற்கான நிபந்தனைகளிலும் இந்த அக்கறை தெரிகிறது. வலப்புறச் சுழல்சக்கரம், கிலோமீட்டரில் வேகம் காட்டும் கருவி ஆகியவற்றோடு, முகப்பு விளக்கின் ஒளி இடப்புறப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. இருசக்கர வாகனங்களின் முன்விளக்கு எப்போதும் எரியவேண்டும் என்பது 2017 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு நடைமுறையானது.

ஆகவே விதிப்புத்தகத்தைப் பொறுத்தவரை இந்தியா எதிரே வருபவரின் கண்ணைக் காக்கும் நெறியைத் தேர்ந்திருக்கிறது. குறுகிய, தடுப்பில்லாத சாலைகளும், ஓரத்தில் நடப்பவர்களும் மிகுந்த நாட்டுக்கு இது பொருத்தமான தேர்வே.

ஏற்றுமதியில் ஒழுங்கு

இந்த விதிகளின் நுட்பம் நமது தொழிலாளர்களுக்குப் புதிதன்று. பேத்தமங்களாவைத் தொடும் விரைவுச் சாலை சென்றடையவிருக்கும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் செய்த ஹூண்டாய் ஐ10 கார்கள் 2008 முதல் ஐரோப்பாவுக்குச் சென்றன. ஓரகடத்தில் செய்த நிஸான் மைக்ரா 2010 முதல் சென்றது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் செய்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 2018 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில் விற்பனையானது. ஒரே வட்டாரத்தின் தொழிலாளர்கள் ஐரோப்பியச் சாலைக்கும், அமெரிக்கச் சாலைக்கும், உள்நாட்டுக்கும் உரிய விளக்குகளைத் தவறாது பொருத்தினர். ஒரு விளக்கு மாறினாலும் கப்பலேறிய வாகனம் அங்கு இறங்க இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின், தங்கவயலின் இளைஞர் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். விரைவுச் சாலை முழுமை பெறும்போது கிழக்கேயுள்ள வாகனத் தொழில் வட்டாரமும் அவர்களுக்கு அருகில் வரும். வாகனத் தரங்களை அளந்து சான்றளிக்கும் அறிவு அத்தொழிலில் மதிப்புள்ள தகுதி. பொறியியல், தொழிற்பயிற்சி மாணவர்கள் இதைக் கருத்திற்கொள்வது நல்லது.

விற்பனைக்குப் பின் விடுபடும் கண்ணி

தொழிற்சாலை வாயிலில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கும் ஒழுங்கு சாலைக்கு வந்தபின் தளர்ந்துவிடுகிறது. குறை இருப்பது இங்கேதான்.

முதலாவது, சாய்வு. ஐரோப்பிய வகை விளக்கின் பயன் முழுவதும் அதன் எல்லைக்கோடு சரியான உயரத்தில் இருப்பதைப் பொறுத்தது. விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் ஒளி சரிந்தால், அது 65 மீட்டரில் தரையைத் தொடும். 2.5 மீட்டர் அச்சு இடைவெளியுள்ள காரின் பின்னே ஆட்களும் மூட்டைகளும் ஏறிப் பின்புறம் ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்தால், ஒளி சரிவதற்குப் பதிலாக அதே அளவு மேலேறும். அப்போது 50 மீட்டர் தொலைவில் எல்லைக்கோடு 115 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். எதிரே வரும் கார் ஓட்டுநரின் கண் ஏறத்தாழ அந்த உயரத்திலேயே இருக்கிறது. ஓட்டுநர் 'டிம்' செய்திருந்தும் எதிரே வருபவர் குருடாவது இப்படித்தான். ஓட்டுநர் இருக்கையருகே 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட சிறு சக்கரம் பல கார்களில் இருப்பது இதைத் திருத்துவதற்கே. அதன் பயனை அறிந்தோர் சிலரே.

இரண்டாவது, குமிழ் மாற்றம். ஹாலஜன் குமிழுக்கென அமைந்த ஒளிதிருப்பியில் வெளிக்கடையில் வாங்கிய எல்.இ.டி. குமிழைச் செருகினால், ஒளி பிறக்கும் இடம் இழையிலிருந்து இம்மியளவு விலகினாலும் எல்லைக்கோடு சிதைந்துவிடும். ஓட்டுபவருக்கு முன்னால் வெள்ளொளி பெருகியதாகத் தோன்றும். அது சாலையில் விழாமல் பிறர் கண்ணில் விழுகிறது. வாகனத்தின் பதிவுபெற்ற அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆயினும் விற்பனை நடக்கிறது.

மூன்றாவது, சோதனை. வாடகை வாகனங்களும் லாரிகளும் குறித்த இடைவெளிகளில் தகுதிச் சான்று பெறவேண்டும். தனியார் கார் பதிவாகி 15 ஆண்டுகள் கழித்துப் புதுப்பிக்க வரும்போதே அரசின் சோதனைக்கு உட்படுகிறது. அதற்கிடையில் விளக்கின் சாய்வை எவரும் அளப்பதில்லை.

நான்காவது, விளக்கே இல்லாத வாகனங்கள். மாட்டு வண்டி, டிராக்டர் இழுவை வண்டி, பழுதாகி நிற்கும் லாரி ஆகியவற்றின் பின்னே ஒளிதிருப்பும் பட்டையும் இல்லையெனில், எந்த நாட்டு விளக்கும் அவற்றை உரிய தூரத்தில் காட்டாது.

வேகமும் ஒளியும்

'டிம்' ஒளியில் விளக்கில்லாத பொருள் ஏறத்தாழ 50, 60 மீட்டரில்தான் தெரிகிறது. உலர்ந்த சாலையில், ஓட்டுநர் உணர்ந்து தடைமிதியை அழுத்த ஒன்றரை விநாடி ஆகும் என்றும், தடை நன்றாகப் பிடிக்கும் என்றும் கொண்டு கணக்கிட்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நிற்க 48 மீட்டர் தேவை. 80 கிலோமீட்டரில் 74 மீட்டர், 120 கிலோமீட்டரில் 143 மீட்டர். அதாவது 80 கிலோமீட்டர் வேகத்திலேயே 'டிம்' ஒளியில் செல்லும் ஓட்டுநர் தாம் காணும் தூரத்துக்குள் நிற்க இயலாது. விரைவுச் சாலையில் நடுத்தடுப்பும் வேலியும் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. அங்கிருந்து இறங்கிப் பழைய சாலையில் புகும் ஓட்டுநரின் கண்ணும் காலும் வேகத்தை உடனே குறைத்துக்கொள்வதில்லை. பேத்தமங்களா போன்ற ஊர்களுக்கு இதுவே புதிய அபாயம்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. நாளின் மற்ற நேரங்களைவிட மாலை 6 மணி முதல் 9 மணி வரையிலேயே விபத்துகள் மிகுதி. அம்மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிகழ்கிறது. பள்ளி, ஆலை, வயல் ஆகியவற்றிலிருந்து மக்கள் வீடு திரும்பும் நேரமும், இருள் கவியும் நேரமும் அதுவே. எல்லாவற்றுக்கும் விளக்கே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆனால் திருத்துவதற்கு மிகக் குறைந்த செலவு ஆகும் காரணம் விளக்கே.

செய்யத்தக்கவை

விளக்கின் சாய்வைச் சரிபார்க்கப் பெரும் கருவி தேவையில்லை. சமதரையில் காரை ஒரு சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஓட்டுநர் மட்டும் அமர்ந்திருக்க, 'டிம்' ஒளியை எரியவிடவேண்டும். விளக்கின் மையம் 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், சுவரில் எல்லைக்கோடு 55 சென்டிமீட்டரில் விழவேண்டும். மேலே விழுந்தால் திருகைத் திருப்பித் தாழ்த்தலாம். அளவுநாடாவும் சுண்ணக்கட்டியும் இருந்தால் தொழிற்பயிற்சி மாணவர்கள் ஒரு மாலையில் பல வாகனங்களைச் சரிபார்த்துவிடலாம். எரிபொருள் நிலையங்களும் புகைச் சோதனை நிலையங்களும் இத்தகைய சுவர்க்குறியை வரைந்துவைத்தால், குறித்த இடைவெளிகளில் புகையைச் சோதிக்க வருபவர் விளக்கையும் பார்த்துச் செல்வார்.

போக்குவரத்து அலுவலர்கள் தண்டம் விதிப்பதோடு, தகுதிச் சான்றின்போது சாய்வை உண்மையாகவே அளப்பதில் முனையவேண்டும். ஒப்புதற்குறி இல்லாத குமிழை வண்டியிலிருந்து கழற்றுவதைக் காட்டிலும் கடையிலேயே தடுப்பது எளிது. ஊராட்சிகள் மாட்டு வண்டிகளுக்கும் இழுவை வண்டிகளுக்கும் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டித் தரலாம். அதற்காகும் செலவு ஒரு விபத்தின் மருத்துவச் செலவில் மிகச் சிறு பகுதியே.

சுரங்கத்தில் தலைவிளக்கு அணிந்து பணிபுரிந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே வருபவரிடம் பேசும்போது, ஒளி அவர் முகத்தில் படாதபடி தலையைச் சற்றுத் திருப்பிக்கொள்வார்கள். நிலத்தின் ஆழத்தில் ஒருவரின் பார்வை மற்றவரின் பாதுகாப்பு என்பது அவர்களுக்குத் தெரியும். ஐரோப்பா விதியாக எழுதியதும், இந்தியா ஏற்றுக்கொண்டதும் அந்தப் பழக்கத்தையே. அதைச் சாலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், அதைச் சோதிக்கும் ஒவ்வோர் அலுவலருக்கும் உரியது.